பிடி விட்ட செல்கள்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். "மேடம், எங்க மருந்துக்கு லைன் சர்ருனு எறங்கிடுச்சு. கேன்சர் செல் எல்லாம் க்ளோஸ்" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. நான் ஓய்வு பெற்று, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருக்கிறேன். அந்த ஒரு போனில் அன்றைக்குப் போட்ட மாத்திரை வீணாகிவிட்டது.

அதனால் எழுதுகிறேன். இதை அறிவுரை என்று நினைத்து யாரும் கைகட்டி நிற்க வேண்டாம். எரிச்சலில் எழுதுவது. புற்றுநோய் செல்லையும் மருந்தையும் வைத்துப் பிழைக்க வந்திருக்கிறீர்கள் என்பதால் உங்களைப் பார்த்து எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதலில் கருவி. அது தெரியும் என்பீர்கள். தெரியாது. மின்வேதி உணரி என்று வாய் நிறையப் பெயர் வைத்தாலும் அது செய்வது ஒரே ஒரு வேலை. தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் தங்கத்தில் மெல்லிய மின்முனைகள். குழியில் செல்களை விட்டால் அவை மெல்ல அடியில் உட்கார்ந்து, தங்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படரும். துளியூண்டு மின்சாரம் விட்டுப் பார்த்தால், செல்கள் மூடிய இடத்தில் அது போகத் தடுமாறும். தடை கூடினால் திரையில் கோடு ஏறும். மருந்து விட்டு, செல்கள் இடத்தைக் காலி செய்தால் கோடு இறங்கும். செல் செத்ததா, குளிரில் சுருண்டதா, கோபித்துக்கொண்டு எழுந்து போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பாயில் ஆள் படுத்திருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்கிற ஒன்றிடம் போய், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். அது பாவம், தன்னால் முடிந்ததைச் சொல்கிறது. நீங்கள் உங்களுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறீர்கள்.

நான் சொல்வது 2011, 2012 வாக்கில் நடந்தது. எங்கள் சோதனைக்கூடம் ஒரகடத்தில், கார் கதவுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றுக்குப் பின்னால், வாடகைக் கட்டடத்தில் இருந்தது. மருந்து தயாரிப்பவர்கள் தங்கள் சரக்கை அனுப்புவார்கள். நாங்கள் செல்கள் மேல் சோதித்து அறிக்கை கொடுப்போம். நான் ஆய்வுப் பொறுப்பாளர். எனக்கு மேலே டைரக்டர். அவர் சித்திரை வெயிலிலும் கோட்டு போடுவார். கார் ஏசிக்கும் அறை ஏசிக்கும் நடுவில் வியர்க்கக் கூடாது என்று டிரைவர் வண்டியை வாசற்படியில் இடிக்காத குறையாகக் கொண்டுவந்து நிறுத்துவார். டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று கதவில், மேசையில், காபிக் கோப்பையில் என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருந்தார்.

அவருடைய வாழ்நாள் கண்டுபிடிப்பு வரவேற்பறை டிவி. கருவியின் கணினித் திரையை அப்படியே அந்த டிவியில் தெரியும்படி இணைத்துவிட்டார். வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டே தங்கள் மருந்து புற்றுநோயைக் கொல்வதை நேரடியாகப் பார்க்கலாம். கோடு இறங்கினால் கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி கைதட்டுவார்கள். டைரக்டர் முதலில் தட்டுவார்.

ஒருநாள் அவர் கைதட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அது பவர்கட் காலம். எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. எங்கள் ஜெனரேட்டரிலிருந்து டைரக்டர் அறை ஏசிக்கும், வரவேற்பறை டிவிக்கும், அதில் கோடு காட்டும் கருவிக்கும் லைன் இழுத்திருந்தார்கள். செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்கு இழுக்கவில்லை. கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. செல்கள் குளிரில் சுருண்டன, எல்லாக் கோடும் மடமடவென்று இறங்கியது. டைரக்டர் டிவி முன்னால் நின்று "எக்ஸலண்ட் ரெஸ்பான்ஸ்!" என்று தட்டினார். விருந்தாளிகளும் தட்டினார்கள். அந்தத் தட்டில் நாங்கள் இன்னும் மருந்தே விட்டிருக்கவில்லை.

இப்படிப்பட்டவர்தான் புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கு முதல் நாள் பாடம் எடுப்பார். அவருடைய ஸ்லைடில் ஒரு வரி கொட்டை எழுத்தில் இருக்கும்: மிதப்பதெல்லாம் பிணம். அதாவது மருந்து விட்ட பிறகு குழியின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது உயிருள்ள செல், மேலே மிதப்பது செத்தது. மிதப்பதை உறிஞ்சி பிளீச்சிங் கரைசல் பாட்டிலில் விட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கணக்கெடுக்க வேண்டும். எங்கள் கூடத்தில் இது வேதவாக்கு. பிள்ளைகள் வேலை செய்துகொண்டே, "பொணத்த எடுத்துட்டியா?", "எடுத்துட்டேண்டி" என்று பேசிக்கொள்வார்கள். நான் கூட்டத்தில் ஆட்சேபித்தபோதெல்லாம், "மேடம், நீங்க ஓவரா யோசிக்கிறீங்க" என்று சிரிப்பார். யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

பிறகு அந்த மூலிகைச் சாறு வந்தது. எந்த மூலிகை, எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். மார்பகப் புற்றுநோய் செல்கள் மேல் சோதிக்க வேண்டும். விட்ட உடனே கோடு இறங்க ஆரம்பித்தது. விருந்தாளிகள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அடியில் போய்ப் படுத்துவிட்டது. டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கொடுக்கும் சிவப்பு நிறக் கீமோ மருந்தையும் பக்கத்துக் குழிகளில் விட்டிருந்தோம். அதன் கோடு மெதுவாக, நொண்டி நொண்டி, மறுநாள்தான் இறங்கும். விருந்தாளிகளுக்கு அலுத்துவிடும். "அந்த சிவப்பு லைன டிவில காட்டாதீங்க, ப்ரெசென்டேஷன் டல்லாகுது" என்று டைரக்டர் உத்தரவு போட்டார். எனக்கு அப்போதே உறுத்தியது. செல் சாவதற்கு நேரம் ஆகும். உள்ளே பல வேலைகள் நடந்து, சுருங்கி, உடைந்துதான் சாகும். டீ ஆறுவதற்குள் இடத்தைக் காலி செய்கிற செல் அநேகமாகச் சாகவில்லை, பிடியை விட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. உயிர் இருக்கிறதா என்று சாயம் போட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றேன். "கிளையண்ட் கேக்கல மேடம். கேக்காதத ஏன் செய்யணும்?" என்றார்.

இதுவரைக்கும் இது ஆபீஸ் சண்டை. இப்படிப்பட்ட சண்டையில் தோற்றுவிட்டு, வேனில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா என்று ஒரு டெக்னீஷியன் எங்களிடம் இருந்தாள். தண்டலம் பக்கம், மாதா கோயிலை ஒட்டிய புதுக்குடியிருப்பில் வீடு. சுறுசுறுப்பான பெண். அந்தச் சாற்றைக் குழிகளில் விட்டு, கோடு இறங்குவதைத் தினமும் பார்த்தவள் அவள்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வர்ற வியாயக்கெயம அக்காவ கீமோக்கு அனுப்பல மேடம். வாணாம்னு முடிவு பண்ட்டோம்" என்றாள்.

அவளுடைய அக்கா லூர்துவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று எனக்குத் தெரியும். செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவள். அறுவை சிகிச்சை முடிந்து, சென்னை ஆஸ்பத்திரியில் கீமோ போய்க்கொண்டிருந்தது. பாதிகூட முடியவில்லை.

"ஏன் அனுப்பல?" என்றேன்.

"அந்த செவப்பு மருந்து ஏத்திக்கினு வந்தா ஒரே வாந்தி மேடம். மூத்திரம்கூட செவப்பா போவுது. முடி பூரா போச்சு. சாவறதே மேலுன்னு அயுவுறா. நம்ம மருந்துதான் கீதே! சார்கிட்ட கேட்டேன், ஒரு டப்பா பவுடரு குடுத்தாரு. நாலஞ்சு நாளா தண்ணில கலந்து குடிச்சிகினு கீறா. வாந்தியே இல்ல."

சோற்றைத் தள்ளி வைத்தேன். கோடு இறங்கினால் செல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பிடி விட்டிருக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். தட்டில் நடப்பது உடம்பில் நடக்காது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. "என் கண்ணால பாத்துகினே கீறேன் மேடம். நானே எவ்ளோ பொணத்த உறிஞ்சி ஊத்தியிருப்பேன்" என்றாள். எங்கள் கூடத்தில் தயாரான பொய் அவள் வாய் வழியாக, அவ்வளவு அன்போடு, எனக்கே திரும்பி வந்தது.

நேரே டைரக்டர் அறைக்குப் போனேன். "அந்தப் பொண்ணுக்கு பவுடர் குடுத்தீங்களா?"

"ஹியூமானிட்டேரியன் கிரவுண்ட்ஸ் மேடம்" என்றார், சுழல்நாற்காலியில் ஆடிக்கொண்டே. "ஹெர்பல்தானே, சைடு எஃபெக்ட் கிடையாது."

"எஃபெக்ட் உண்டா?"

"டிவில பாக்கலயா?"

"கீமோவை நிறுத்தப்போறாங்க சார்."

"அது அவங்க பேமிலி டிசிஷன். நாம தலையிடக் கூடாது."

பவுடர் கொடுப்பது தலையிடுவதில்லை, பேச்சு மட்டும்தான் தலையிடுவது. இந்த நாகரிகத்தை அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றார் என்று தெரியவில்லை. வெளியே வந்து, கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கோபம் தாங்காமல் அழுதேன். அழுது முடித்துத்தான் யோசிக்க முடிந்தது. ஜெசிந்தா என் பேச்சை நம்ப மாட்டாள். அவள் நம்புவது திரையில் ஓடும் கோட்டை மட்டும்தான். அப்படியானால் கோடே அவளிடம் பேசட்டும் என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை காலையில் அவள் வழக்கம்போல் புதிய குழிகளில் சாற்றை விட்டாள். கோடு வழக்கம்போல் விழுந்தது. மதியம் உறிஞ்சுகுழாயைக் கையில் எடுத்தவளைத் தடுத்தேன். "பிளீச்சிங்ல விடாத. மிதக்கிறத சுத்தமான குழாய்ல எடு."

"பொணத்த வெச்சிகினு இன்னா மேடம் பண்றது?"

"எடும்மா."

எடுத்தாள். மருந்து துளியும் ஒட்டாமல் செல்களை நன்றாகக் கழுவச் சொன்னேன். கழுவியதை, புதிதாக உணவுக் கரைசல் ஊற்றிய வெறும் குழிகளில் விடச் சொன்னேன். முன்தினமே சிவப்பு மருந்து விட்டு வைத்திருந்த குழிகளில் மிதந்ததையும் அதே போல எடுத்து, கழுவி, பக்கத்துக் குழிகளில் விடச் செய்தேன். தட்டைக் கருவியில் வைத்தோம். இரண்டு கோடும் தரையோடு தரையாகக் கிடந்தன. "பாத்தீங்களா மேடம், செத்ததுதான்" என்றாள். கொஞ்சம் பரிதாபமாகக்கூடப் பார்த்தாள், இந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பது போல. தட்டை இரவு முழுக்கக் கருவியிலேயே விட்டு வைக்கச் சொன்னேன். வேன் வந்தது, வீட்டுக்குப் போனோம்.

வியாழக்கிழமை காலை மூலிகைக் கம்பெனி முதலாளி தன் ஆட்களோடு வந்திருந்தார், வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். நாங்கள் உள்ளே நுழையும்போதே டைரக்டர் டிவி முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். டிவியில், அவருக்குத் தெரியாமல் நாங்கள் வைத்திருந்த தட்டின் கோடுகள் எல்லாம் தெரிந்தன. சிவப்பு மருந்தில் மிதந்து எடுத்த செல்களின் கோடு இன்னும் தரையில் கிடந்தது. பக்கத்திலேயே இன்னொரு கோடு இரவெல்லாம் ஏறி, காலையிலும் ஏறிக்கொண்டே இருந்தது. நன்றாகக் கொழுத்த, ஆரோக்கியமான கோடு.

ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் எழுதிய குழி எண் அவளுக்குத் தெரியாதா?

"இது ஏன் சார் ஏறுது?" என்று பெரியவர் கேட்டார்.

"அது கண்ட்ரோல் சார்" என்றார் டைரக்டர், ஒரு நொடிகூடத் தயங்காமல். "மருந்து படாத செல். அப்படித்தான் வளரும். அதனாலதான் உங்க மருந்து தேவைப்படுது." முதலாளியின் ஆட்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டவும் தயாரானார்.

"கண்ட்ரோலு இல்ல சார்" என்றாள் ஜெசிந்தா. எல்லாருக்கும் கேட்டது. "நேத்து மருந்து போட்டு மெதந்துச்சு பாருங்க, அந்தப் பொணம்தான் சார் இது. எடுத்து வேற குழில வுட்டேன். எயுந்து குந்திகினு வளருது."

பெரியவர் டைரக்டரைப் பார்த்தார். "அப்ப சாகலயா?"

"சின்ன டெக்னிக்கல் இஷ்யூ" என்றார் டைரக்டர். கருவி ஒழுங்காக வேலை செய்து உண்மையைக் காட்டிவிட்டால் அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

டைரக்டருக்கு என்ன ஆயிற்று என்று அறிய ஆசைப்படுவீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த முதலாளி தன் சாற்றை எடுத்துக்கொண்டு வேறு கூடத்துக்குப் போனார், அங்கே டிவி இன்னும் பெரியதாக இருந்திருக்கும். நம்மவர் பிறகு இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார். கருத்தரங்குகளில் நெறிமுறை பற்றிப் பேசுகிறார் என்று கேள்வி. அவர்கள் வகையறா எந்தக் குழியில் விட்டாலும் பிடித்து உட்கார்ந்து வளரும். அதைக் கொல்ல இதுவரை எந்த மருந்தும் என் கையில் சோதனைக்கு வரவில்லை.

எனக்கு அன்று அவரோடு சண்டை போட நேரமில்லை. வியாழக்கிழமை. லூர்துவின் கீமோ நாள். ஜெசிந்தா வெள்ளை அங்கியைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு போனைக் காதில் வைத்தாள். அக்கா எடுக்கவில்லை. ஆபீஸ் வேன் டிரைவரிடம் கெஞ்சி, நாங்கள் இருவரும் தண்டலத்துக்குப் போனோம். ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது, "நானே குடுத்தேன் மேடம். நானே கலக்கிக் குடுத்தேன்" என்று ஒருமுறை சொன்னாள்.

லூர்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பவுடர் கலந்த டம்ளர் கையில் இருந்தது. ஜெசிந்தா அதைப் பிடுங்கினாள். "அக்கா, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னாடி வெளாட்டு இது?" என்றாள் லூர்து. "போன வாரம் லைனு எறங்குதுன்ன. செவப்பு மருந்து வாணாம்ன. இப்ப வந்து கெளம்புன்ற."

"அது தப்புக்கா. லைனு திரும்ப ஏறிடுச்சு. அந்த செல்லு சாவவே இல்ல. பிடி வுட்டு மெதந்துகினு இருந்துச்சு, அவ்ளோதான்."

"அடுத்த வாரம் திரும்ப எறங்குதும்ப. அப்ப இன்னா பண்ணுவ?" லூர்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "போடி. நான் எங்கியும் வரல. என்ன வெச்சு எல்லாரும் ஆடுனது போதும்."

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். யாரென்று ஜெசிந்தா சொன்னாள். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன பார்த்தோம் என்று நான் உள்ளபடி சொன்னேன். லூர்து குறுக்கிடாமல் கேட்டாள். லைனில் வேலை பார்த்தவர்களுக்கு உள்ள பொறுமை அது. கேட்டு முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இத நான் இத்தினி நாளா குடிச்சேனே மேடம். என் உடம்புல பிடி வுட்டது எங்க போச்சு?"

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். எத்தனையோ பேர் என்னைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதைப் போல ஒன்றை யாரும் கேட்டதில்லை. பிடி விட்ட செல் உடம்பில் வேறு எங்கே போய் உட்காரும் என்று, கோட்டைப் பார்த்துக் கைதட்டிய ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயில் வழக்கமான பதில்கள் வந்து நின்றன: அறுவை சிகிச்சையில் கட்டி எடுத்தாயிற்று, குடித்தது குடலைத் தாண்டியே போயிருக்காது, பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். ஒன்றைக்கூட யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "அது உன் ரத்தத்துல சேந்துச்சானுகூடத் தெரியல. யாரும் பாக்கல."

"செவப்பு மருந்து? அது கேக்குமா?"

"உன்ன மாதிரி நெறைய பேருக்குக் குடுத்துப் பாத்த மருந்து அது. நெறைய பேருக்குக் கேட்டிருக்கு. உனக்குக் கேக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

ஜெசிந்தா என்னைத் திகிலோடு பார்த்தாள். காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லூர்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டை அவிழ்த்து, முடியில்லாத தலையைத் துடைத்து, மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். "டாக்டரு, உங்க சாரு, தோ இவ, எல்லாரும் ஒரே மாரி தெரியும் தெரியும்னுதான் சொன்னாங்க. தெரியலன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் மேடம்."

கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டு, செருப்பைத் துழாவினாள்.

"ஜெசி, ரெண்டு கவர் எடுத்து பைல வெய்யி. திரும்பி வரசொல்ல பஸ்ல வாந்தி வரும்."